பழைய காரைப் பழையபடி ஆக்குவது எப்படி?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க வாசலில் நின்ற வெள்ளைக் காரைச் சுற்றிச் சிறுவர்கள் மட்டுமல்ல, தலை நரைத்த பெரியவர்களும் நின்றார்கள். "இது கான்டெஸா அல்லவா? இன்னுமா ஓடுகிறது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அன்று நின்று பதில் சொல்ல முடியவில்லை. ஓர் அன்பர், "எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்டார். இன்னொருவர், "எங்கள் வீட்டிலும் அப்பாவின் அம்பாஸிடர் ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?" என்றார். அந்த இரண்டாவது அன்பருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் அல்லன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் என் தாய்மாமாவுடையது. 1989-ல் செய்யப்பட்ட பெட்ரோல் வண்டி. மாமா அதை 1994-ல் சென்னையில் வாங்கிக் கப்பலில் ஏற்றி இங்கு கொண்டுவந்தார். பதினைந்து ஆண்டுப் பதிவு 2004-ல் முடிந்தது. புதுப்பிக்கும் முன் சில வேலைகளைச் செய்துவிடலாம் என்று சிப்பிகாட்டில் இருந்த தம் கொட்டகையில் வண்டியை நிறுத்திவைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று என்ன நடந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்தது. வயல்களில் புகுந்த கடல் அங்கேயே தங்கிவிட்டது. கொட்டகையில் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு உப்பு நீர் நின்றது. இரண்டு நாள் கழித்து அக்கம்பக்கத்தார் கயிறு கட்டி இழுத்து மேட்டில் சேர்த்தார்கள். அதன்பின் மாமா அந்த வண்டியைத் தொடவே இல்லை. 2021-ல் அவர் காலமானபோது அது டைரி ஃபார்ம் வீட்டின் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் மாமா மகன், "அத்தான், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே" என்றான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டது.

கான்டெஸா பிறந்த கதை

எழுபதுகளின் இந்தியாவில் அம்பாஸிடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்று வகைக் கார்களே பெரும்பாலும் கண்ணில் படும். எண்பதுகளில் இம்மூன்று கம்பெனிகளும் பெரிய கார் செய்ய முனைந்தன. பம்பாய்க் கம்பெனி 118 என்.இ. என்ற வண்டியையும், பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி, ரோவர் காரின் உடலைக் கொண்ட ஸ்டாண்டர்ட் 2000 என்ற வண்டியையும் 1985-ல் கொண்டுவந்தன. இவற்றுக்கு முன்பே, 1984-ல், அம்பாஸிடர் செய்துவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவை வெளியிட்டுவிட்டது.

இதன் பூர்விகம் இங்கிலாந்து. வாக்ஸால் கம்பெனி 1972 முதல் 1978 வரை விக்டர் என்றும் வி.எக்ஸ். என்றும் செய்த காரின் அச்சுகளை விலைக்கு வாங்கி, வங்காளத்தில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் வைத்துச் செய்தார்கள். முதலில் வந்த வண்டிகளில் அம்பாஸிடரின் அதே 1489 சி.சி. இன்ஜின்தான். உடல் யானை, உயிர் ஆட்டுக்குட்டி என்று அப்போது கேலி பேசினார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானிய இசுஸு கம்பெனியின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபின்தான் வண்டிக்கு மதிப்பு வந்தது. 88 குதிரைத் திறன் என்பது அன்றைய இந்தியச் சாலையில் பெரிய விஷயம். பின்னர் டீசல் இன்ஜினும் வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது.

அமெரிக்காவில் 'மசில் கார்' என்று ஒரு வகை உண்டு. தமிழில் புஜபலக் கார் என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய இன்ஜினைப் பொருத்தி, நடுத்தர விலைக்கு விற்பது அதன் இலக்கணம். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதன் இன்ஜின் 6.4 லிட்டர். அதன் முன் நம் கான்டெஸா பூனைக்குட்டிதான். ஆனாலும் நீண்ட முன்புறம், அகன்ற உடல், பின்சக்கர இயக்கம் ஆகியவற்றைப் பார்த்து நம் இளைஞர்கள் இதையே 'இந்தியாவின் மசில் கார்' என்கிறார்கள். இந்தப் பெயரே இந்த வண்டிக்கு ஓர் ஆபத்தும் ஆகிவிட்டது. கிடைக்கும் கான்டெஸாக்களுக்குக் கறுப்புக் கோடு போட்டு, அகலச் சக்கரம் மாட்டி, அமெரிக்க வேஷம் கட்டிவிடுகிறார்கள். என் மைத்துனனும், காரை வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்ட மறுநாளே அப்படி ஒரு படத்தைத்தான் அனுப்பினான்.

தொழிற்சாலை நிலை என்றால் என்ன?

பழைய காரைச் சீர்செய்வதில் மூன்று வழிகள் உண்டு. ஓடினால் போதும் என்று செய்வது ஒன்று. நம் விருப்பப்படி அழகு செய்வது இரண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது மூன்று. இந்த மூன்றாவது வழியில் அமெரிக்கர்கள் மிகக் கறாரானவர்கள். இன்ஜின் எண்ணும் உடல் எண்ணும் பொருந்த வேண்டும். நிறம் தொழிற்சாலைப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். தொழிலாளி சுண்ணாம்புக் கட்டியால் போட்ட அடையாளக் குறியைக்கூடத் திரும்ப எழுதுபவர்கள் உண்டு. போட்டிகளில் ஒரு போல்ட்டின் தலை மாறியிருந்தாலும் மதிப்பெண் குறையும்.

நமக்கு அவ்வளவு வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலையில் இறங்கியபின் எனக்குப் புரிந்தது இதுதான்: முழுமையாக எட்ட முடியாவிட்டாலும் மூன்றாவது வழியைக் குறியாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது வழியில் போனால், எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

கழற்றும் முன் எழுதுக

2023 ஜனவரியில் வேலையைத் தொடங்கினோம். பட்டறை மேஸ்திரி, வங்காளத்திலிருந்து இங்கு குடியேறிய குடும்பத்தவர். எங்கள் பேச்செல்லாம் இந்தியில்தான். அவரை நான் தாதா என்பேன். அவர் என்னை மாஸ்டர்ஜி என்பார்.

நான் செய்த முதல் வேலை இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கியது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்தேன். கழற்றிய நட்டு போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு எண் எழுதி, அதே எண்ணை நோட்டில் பதிந்தேன். வயர்கள் எந்த நிறம் எங்கே போகிறது என்று வரைந்தேன். ஆரம்பத்தில் தாதா சிரித்தார். ஓராண்டு கழித்துப் பொருத்தும்போது, முன்கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியில் எந்த வாஷர் உள்ளே, எது வெளியே என்று அவரே என்னிடம் வந்து கேட்டார்.

பழைய பாகம் எதையும் எறிந்துவிடாதீர்கள். மக்கிப்போன ரப்பர்கூடப் புதியதற்கு அளவு சொல்லும். துருப்பிடித்த தகடு எங்கே மடிந்தது, எங்கே ஓட்டை இருந்தது என்று காட்டும். அசலே நமக்குக் கிடைத்த புத்தகம்.

துரு என்னும் எதிரி

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த நீரில் மின்னோட்டம் எளிதில் பாயும். துருவின் வேகம் பல மடங்காகும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆகையால் பெயிண்டை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளம் எழுப்பும். வெளியில் ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே ஒரு கைப்பிடி தகடு போயிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும் சுற்றிலும் கடலும் உள்ள நம் தீவில், கொட்டகைக்குள் நிற்கும் காரும் பாதுகாப்பாக இல்லை.

இங்கே கட்டுமானத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில் கனமான சட்டம் ஒன்று ஓடும். அதன்மேல் உடலை வைத்து போல்ட் போடுவார்கள். கான்டெஸாவுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அம்பாஸிடருக்கும் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக இணைத்து, உடலையே சட்டமாக்கியிருக்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி, வண்டியின் இடுப்பெலும்பு. எங்கள் வண்டியில் கடல் நீர் நின்ற உயரம் சரியாக அதுதான். வெளியில் பெயிண்ட் இருந்தது. உள்ளே இரும்பு இல்லை. தாதா ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கியது.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி, வண்டியின் கீழ்ப்பகுதி முழுவதும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பட்டி. பட்டி பார்த்து மூடிய துரு, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே விட்ட திருடன்.

இந்த இடுப்புப் பெட்டியை வெட்டி எடுக்கும்போது வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் மூடாது. ஆகையால் கதவுத் திறப்புகளின் குறுக்கே ஆங்கிள் இரும்பை முதலில் வெல்டிங் செய்து நிறுத்தினோம். நான் நூல் பிடித்து மூலைவிட்டங்களை அளந்து எழுதினேன். முப்பத்தைந்து ஆண்டு கரும்பலகையில் வரைந்த செவ்வகத்தின் மூலைவிட்டம் அன்றுதான் எனக்கு உபயோகப்பட்டது! ஒரு பக்கத்தை முழுதும் முடித்து, அளவு சரிபார்த்த பின்பே மறுபக்கத்தை வெட்டினோம். கேஸ் வெல்டிங் தகட்டை அதிகம் சூடாக்கி வளைத்துவிடும் என்பதால் மிக் வெல்டிங் செய்தோம். தொழிற்சாலையில் தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்திருந்தார்கள். அதே இடைவெளியில் துளையிட்டு, துளைகளை நிரப்பி, அந்தப் புள்ளி அடையாளத்தையும் கொண்டுவந்தார் தாதா.

எண் போனால் வண்டி போயிற்று

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியபோது, உதவியாளப் பையன் கிரைண்டரைக் கையில் எடுத்து நின்றான். துரு மூடிய ஒரு தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் போகிறான். அந்தத் தகட்டில்தான் வண்டியின் சேசிஸ் எண் பொறித்திருந்தது! ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். என் வயதில் அப்படி ஓடக்கூடாது என்று அன்றிரவு வீட்டில் திட்டு விழுந்தது.

ஆனால் அந்த எண் தேய்ந்திருந்தால் அதன்பின் செய்த எல்லாம் வீண். மறுபதிவின்போது ஆய்வாளர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். எண் இல்லாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அநாதை.

எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ உப்புத்தாளோ படக்கூடாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி, ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். நல்ல இரும்பை அதிகம் தின்னாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நான்கு நாள் பொறுமையாக ஒற்றியபின் எண்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆர்சி புத்தகத்தை வைத்து ஒப்பிட்டேன். எல்லா இலக்கமும் சரியாக இருந்தது. அன்று பட்டறையில் அனைவருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

இன்ஜினை மாற்றலாமா?

நெடுநாள் நின்ற இன்ஜினை ஆசையில் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பிடித்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, உள்ளே மெல்லிய எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்களுடையது பத்து நாள் ஊறியும் அசையவில்லை. கியர்பெட்டியைத் திறந்தால் எண்ணெய் பாலாக இருந்தது. உப்பு நீர் அங்கேயும் புகுந்திருந்தது.

அப்போது மைத்துனன் சென்னையிலிருந்து பேசினான். "அத்தான், டீசல் இன்ஜின் ஒன்று முழுசாகக் கிடைக்கிறது. அடுத்த கப்பலில் போட்டுவிடட்டுமா? மைலேஜும் கிடைக்கும்." நான் இரண்டு நாள் யோசித்தேன். அசல் இன்ஜினைக் கழற்றி, சரிசெய்து, மீண்டும் பொருத்தக் குறைந்தது ஆறு மாதம். டீசல் இன்ஜின் என்றால் ஆறு வாரம். செலவும் பாதி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன் அனுமதி பெற்று இன்ஜினை மாற்ற வழி உண்டு என்பதும் உண்மை. ஆகவே சட்டத்தைக் காட்டி மட்டும் அவனை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. "தம்பி, உன் அப்பா ஓட்டியது இந்த இன்ஜினைத்தான். இது முடியவே முடியாது என்று தாதா சொன்னால் அடுத்ததைப் பார்ப்போம்" என்றேன். முடியவே முடியாது என்று தாதா சொல்லவில்லை.

இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் 84 மில்லிமீட்டர் விட்டமும் 82 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்டது. நான்கையும் கூட்டிக் கணக்கிட்டால் 1817 சி.சி. வரும், நம் மாணவர்கள் உருளையின் கனஅளவுச் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். துரு தின்ற சுவரை லேத் பட்டறையில் சீராகக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் போடுவதைத்தான் போர் அடிப்பது என்கிறோம். பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிய அளவுகளில் வரும். எங்களுக்கு அரை மில்லிமீட்டரில் சுவர் சுத்தமாயிற்று. தயாரிப்பாளரே பிற்காலப் பழுதுக்கு அனுமதித்த அளவுக்குள் இருப்பதால், இது அசலுக்குத் துரோகம் அல்ல.

பாகங்கள் வந்த வழி

நம் தீவில் இந்த வண்டிக்கு எதுவும் கிடைக்காது. சென்னைப் புதுப்பேட்டையும் கல்கத்தா மல்லிக் பஜாரும்தான் கதி. விடுமுறைக்குப் போன நம் அன்பர்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லி முடியாது. முறுக்கு டின்னோடு கண்ணாடி பீடிங் வந்தது. பட்டுப் புடவைப் பெட்டியில் பிரேக் சிலிண்டர் வந்தது. கடைக்காரரிடம் 'கான்டெஸா பாகம்' என்று மட்டும் கேட்டால் பலமுறை வேறு ஏதாவது வரும். 1.5 வண்டிக்கும் 1.8 வண்டிக்கும் பல பாகங்கள் வேறு. பழைய பாகத்தின் படத்தையும் அளவையும் அனுப்பி, ஒப்பிட்டபின் பணம் கொடுங்கள்.

நிறத்தின் சாட்சி

வண்டியின் வெள்ளை, பழுப்பாக மாறியிருந்தது. அசல் வெள்ளை எது? கடையின் அட்டையில் பதினைந்து வெள்ளைகள் இருந்தன. வெயில் படாத இடம்தான் இதற்குச் சாட்சி. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் கதவுக் கீலுக்கு அடியிலும் முப்பது ஆண்டுக்கு முந்தைய வெள்ளை அப்படியே இருந்தது. லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கு ஒப்பக் கலந்தோம்.

இன்றைய கார்களுக்கு நிறம் ஓர் அடுக்கு, அதன்மேல் கண்ணாடி போன்ற பளபளப்பு ஓர் அடுக்கு என்று அடிப்பார்கள். அன்றைய வெள்ளையில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. நாங்களும் ஒற்றைப் பூச்சே அடித்தோம். புதுக் கார்போல மின்னவில்லை. மின்னக் கூடாது, 1989-லும் அப்படி மின்னியிராது. நம் ஊரில் பெயிண்ட் அடிக்க ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் காலம். மழைக்கால ஈரத்தில் அடித்தால் பூச்சின்மேல் பால் படர்ந்தாற்போல் வெளுக்கும்.

எங்கே மாற்றலாம்?

இங்குதான் எனக்குப் பெரிய சந்தேகம் வந்தது. அந்தப் பெட்டிப் பகுதிகளின் உட்புறத்துக்குத் தொழிற்சாலை தந்த பாதுகாப்பு மிகக் குறைவு. அப்படியே திரும்பச் செய்தால், நம் காற்றில் பத்து ஆண்டில் மீண்டும் ஸ்க்ரூடிரைவர் இறங்கும். தொழிற்சாலை விட்ட குறையையும் நாம் பயபக்தியோடு திரும்பச் செய்ய வேண்டுமா?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கண்ணுக்குத் தெரியும் எதையும் மாற்றுவதில்லை. உயிரையும் உலோகத்தையும் காக்கும் மாற்றத்தை மறைவில் செய்யலாம். ஆனால் செய்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதியே தீர வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஐந்து வரிகள் உள்ளன. ஒன்று, தகடுகளுக்கு எபாக்ஸி பிரைமர். பெட்டிப் பகுதிகளின் உள்ளே, நீர் வடியும் துளைகளை அடைக்காமல், மெழுகுப் பூச்சு. இரண்டு, பிரேக் குழாய்கள் எஃகுக்குப் பதில் துருப்பிடிக்காத செம்பு நிக்கல் கலப்பு. பிரேக்கில் பழமை பார்க்கக் கூடாது. மூன்று, பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும் வகை. நாட்டில் 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. பழைய ரப்பரை அது கெடுக்கும். நான்கு, புதிய டயர்கள். ஐந்தாவதை எழுதக் கொஞ்சம் வெட்கம். பின் கண்ணாடி பீடிங் அசல் அல்ல. எங்கு தேடியும் கிடைக்காமல், வேறு வண்டியின் பீடிங்கை வெட்டிப் பொருத்தியிருக்கிறோம். தெரிந்தவர் கண்ணில் படும். அசல் கிடைத்தால் மாற்றுவேன்.

இந்த நோட்டு எதற்கு என்று கேட்கலாம். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் காக்கப்படும் வண்டிகளே பழம்பெரும் வாகனங்களாகத் தனிப் பதிவு பெறும். அவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். எங்கள் வண்டிக்கு அந்த வயது 2039-ல்தான் வரும். அதுவரை அது சாதாரணப் பழைய கார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வும் மறுபதிவும் உண்டு. கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. 15 ஆண்டு கடந்த காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 என்று உயர்ந்தது. வேலையைத் தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2039-ல் நான் இருப்பேனோ என்னவோ. அன்று ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்துபவர் கையில் இந்த நோட்டு இருக்கும். எது அசல், எது எங்கள் கைவேலை என்பதை அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லலாம்.

அத்தையின் உறை

கடைசி வேலை இருக்கைகள். பின் இருக்கையின்மேல் அத்தை தம் கையால் தைத்த நீலப் பூப்போட்ட துணி உறை இருந்தது. வண்டி வந்த புதிதில், குழந்தைகள் அழுக்காக்காமல் இருக்கத் தைத்தது. உறையைக் கழற்றினால், அடியில் தொழிற்சாலை இருக்கைத் துணி ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது! முப்பது ஆண்டாக அந்த உறைதான் அதைக் காத்திருக்கிறது.

தொழிற்சாலை நிலை என்றால் அந்த உறைக்கு இடமில்லை. அதை எப்படி அத்தையிடம் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே துவைத்துக் காயவைத்து எடுத்துவந்தார். "இது காருக்காகத் தைத்தது இல்லையப்பா, சீட்டைக் காப்பாற்றத் தைத்தது. எங்கேயாவது காட்ட எடுத்துப்போகும்போது கழற்றிக்கொள். வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிடு" என்றார். மூன்று ஆண்டாக நான் நோட்டில் எழுதித் தேடிய விதியை அத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பொங்கலன்று சங்க வாசலுக்கு வண்டியை ஓட்டி வந்தது மைத்துனன்தான். பக்கத்து இருக்கையில் அத்தை. கறுப்புக் கோட்டைப் பற்றி அவன் இப்போது பேசுவதில்லை.

அம்பாஸிடர் வைத்திருக்கும் அன்பருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. கோவை அவிநாசி சாலையில் பழைய கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நம் வீட்டில் கிடப்பதும் இரும்புக் குப்பை அல்ல என்று தெரியும். வந்ததும் மாட்டுக் கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே தள்ளி, நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிக் காயவிடுங்கள். சேசிஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். என் நோட்டைப் பார்க்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் சங்க நூலகத்தில்தான் இருப்பேன்.